மட்கார்டு மேல் என்னய்யா கோபம் உங்களுக்கு?

பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று வாங்கலாம் என்று அலைகிறேன். மஹிந்திரா சிஜே 3பி. உயரமான பானெட், தட்டையான மட்கார்டு, 2.2 லிட்டர் ஹரிக்கேன் என்ஜின். என்ஜின் ஓடாவிட்டாலும் சரி, தரைத் தகரம் ஓட்டையானாலும் சரி, பார்த்துக்கொள்ளலாம். ஆனால் போய்ப் பார்க்கிற வண்டியெல்லாம், அகல டயர் மாட்டுவதற்காக மட்கார்டு அறுபட்டு நிற்கிறது. எவன் ஆரம்பித்து வைத்தான் இந்தக் கூத்தை?

போன வாரம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து ஷெட். போட்டோவில் வண்டியை நேர் முன்னாலிருந்து மட்டும் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஏன் என்பது பக்கவாட்டில் போய் நின்றதும் புரிந்தது. இரண்டு மட்கார்டையும் சக்கரத்துக்கு மேலே அரைவட்டமாக வெட்டி, விளிம்பில் கார் கதவுக்குப் போடுகிற கறுப்பு ரப்பர் பீடிங்கைச் சொருகியிருந்தார்கள். பீடிங்கை நகத்தால் நெம்பினேன். உள்ளே கிரைண்டர் போன வழி கோணல்மாணலாகத் தெரிந்தது. பிரைமர்கூட அடிக்கவில்லை. ரப்பருக்குள் தேங்கிய தண்ணீரில் தகரம் பொரிந்து, விரல் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. பின்பக்கம் இன்னும் மோசம். பாடியோடு சேர்ந்த சக்கர வளைவையும் அறுத்துவிட்டு, பட்டி பூசி மெழுகியிருந்தார்கள்.

"வெட்டின துண்டு இருக்காண்ணா?"

"அதெல்லாம் அப்பவே எடைக்குப் போட்டாச்சு தம்பி. வண்டி ஃபுல் மாடிஃபைடு. டயருக்கு மட்டும் எவ்வளவு செலவு பண்ணியிருக்கேன் தெரியுமா?"

கெடுத்த கூலியையும் நம்மிடமே கேட்கிறார்!

அந்த விளிம்பு சும்மா அழகுக்கு இல்லை ஐயா. தகரத்தை ஓரத்தில் மடித்திருப்பதே அது விறைப்பாக நிற்கத்தான். மடிப்பை அறுத்து எடுத்தால் மட்கார்டு அப்பளம் மாதிரி ஆடும். ஆடினால் போல்ட் போட்ட இடத்தில் விரிசல் விடும். பானெட்டை இழுத்துப் பிடிக்கிற கொக்கியும் அந்த மட்கார்டு மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் பானெட் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று பட்டறைக்குப் பட்டறை அலைவார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், 3பியின் முன் மட்கார்டு வெல்டு பண்ணியது கிடையாது. போல்ட்டைக் கழற்றினால் முழுசாகக் கையில் வரும். கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, வேறு தகரத்தில் ஒன்று அடித்து மாட்டி, அதை எப்படி வேண்டுமானாலும் அறுத்துக்கொள்ளுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? துருப்பிடித்த போல்ட்டுக்கு டீசல் ஊற்றி ஒரு ராத்திரி விடப் பொறுமை இல்லை. கிரைண்டரைத் தூக்கினால் ஐந்து நிமிஷம்.

அப்படி வெட்டியாவது டயர் ஒழுங்காகச் சுற்றுகிறதா? அகல டயரைப் போட்டு ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்தால் அது முதலில் போய் உரசுவது பட்டை ஸ்பிரிங்கில். மட்கார்டு என்ன பாவம் செய்தது? இந்த வண்டிக்கு வந்த டயர் 6.00-16, அதாவது ஆறு அங்குல அகலம், 16 அங்குல ரிம். கொஞ்சம் உயரம் வேண்டுமென்றால் 7.00-16 போடலாம், மெலிந்த டயர், அறுக்காமலே உட்காரும். 9 அங்குல டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு 31 அங்குல டயரை எப்படி நிறுத்துவதாக உத்தேசம்? சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற ஜீப்புகளைப் பாருங்கள். பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் தினம் ஆள் ஏற்றிப் பிழைப்பு நடத்துகிறவர்கள் மெலிந்த டயரில்தான் போகிறார்கள்.

உடனே ஒருவர் அமெரிக்காவையும், அங்கே ஃபோர்டு செய்த ஜீப் மாதிரி வண்டியான பிராங்கோவையும் இழுப்பார். "ஃபோர்டு பிராங்கோவையே வெட்டினாங்களே!" வெட்டினார்கள். பில் ஸ்ட்ராப்பி 1971 முதல் 75 வரை பாஹா பிராங்கோ என்று சக்கர வளைவை அகலப்படுத்தித்தான் செய்து கொடுத்தார். அது புது வண்டி, பாஹா பாலைவனப் பந்தயத்தில் பேர் வாங்கிய ஆள் செய்த வேலை. நீங்கள் போவது ஆழியாறு டீக்கடைக்கு. அதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு வீட்டில் அறுத்துத் தள்ளியதில், 1966-77 பிராங்கோவில் வெட்டாத வண்டி அருமையாகிவிட்டது. இன்றைக்கு அங்கே விற்கிறவர்கள் விளம்பரத்தில் 'அன்கட்' என்று போட்டுக் கூடுதல் விலை கேட்கிறார்கள். இந்தக் கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2021ல் வந்த வின்டேஜ் விதியில் 50 வயது தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு, நம்பரில் 'விஏ' வரும். ஆனால் சேசிஸ், பாடி, என்ஜினில் கை வைத்திருக்கக் கூடாது. அறுபதுகளில் வந்த 3பி எல்லாம் வயதில் பாஸ். பின் வளைவை அறுத்தவர் எந்த முகத்தோடு ஆர்டிஓவிடம் போவார்?

எல்லா ஜீப்பையும் பொத்திப் பொத்தி வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. மட்கார்டு ஏற்கெனவே அரித்துப் போயிருந்தால் அறுங்கள். மஹிந்திராவின் எம்எம் 540 டீசல் ஜீப் இன்னும் நிறைய ஓடுகிறது, அதில் காட்டுங்கள் உங்கள் கைவரிசையை. அமெரிக்காவில் 1968லேயே நிறுத்தப்பட்டுவிட்ட 3பியை விடுங்கள்.

யாருக்காவது அறுக்காத 3பி எங்காவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள். கோழி அடைகிற வண்டியானாலும் பரவாயில்லை. பக்கவாட்டு போட்டோ கட்டாயம் வேண்டும்.