சிம்ப்சன்ஸின் தலையைச் சீவியது யார்?

டிவியின் இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை தெரிந்தால் என்னய்யா குடிமுழுகிப் போகிறது? அதை மறைக்கத்தான் ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரை மேலும் கீழும் வெட்டித் தள்ளினார்கள். 20ஆவது சீசனின் நடுப்பகுதி வரை, அதாவது 2009 பிப்ரவரி வரை, அந்தத் தொடர் 4:3 அளவில், அதாவது அகலம் நாலு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு என்ற பழைய டிவி அளவில் வந்தது. அகலத்தைக் குறைக்காமல் அதை இப்போதைய அகல டிவியின் 16:9 ஆக்கினால் உயரத்தில் சரியாகக் கால்வாசி போய்விடும். கால்வாசிப் படம்! நக்கலே அந்தக் கால்வாசியில்தான் பல நேரம் இருக்கிறது.

1993இல் வந்த ‘டஃப்லெஸ்’ எபிசோடைப் பாருங்கள். பீர் ஆலையில் டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று ராட்சதத் தொட்டிகள். மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்துதான் சரக்கு இறங்குகிறது. ஒரே பீருக்கு மூன்று பெயர் வைத்து விற்கும் கம்பெனிகளுக்கு விழுந்த அடி அது, வசனமே இல்லாமல். வெட்டிய படத்தில் குழாயைக் காணோம். புதிதாகப் பார்ப்பவருக்கு மூன்று தொட்டிகள், அவ்வளவுதான். சிரிக்க என்ன இருக்கிறது?

பகடி என்றால் இன்னும் மோசம். அதே ஆண்டு வந்த ‘ரோஸ்பட்’, 1941இன் ‘சிட்டிசன் கேன்’ படத்தைக் கிண்டலடிக்கும் எபிசோடு. மூலப் படமே 1.37:1, கிட்டத்தட்ட 4:3தான். தாழ்வான கோணத்தில் கூரை வரை தெரியும்படி எடுத்த காட்சிகளுக்குப் பேர்போனது. பகடி சிரிப்பதே அந்தச் சட்டகம் கண்ணுக்குப் பழக்கமானது என்பதால். கூரையை வெட்டிவிட்டு எதைக் கிண்டலடிப்பது?

தெரியாமல் செய்தார்கள் என்றும் விட முடியாது. 2014இல் அமெரிக்காவின் எஃப்எக்ஸ்எக்ஸ் சேனல் இப்படி வெட்டி ஒளிபரப்பி வாங்கிக் கட்டிக்கொண்டது. 2015இல் அதே சேனலின் ‘சிம்ப்சன்ஸ் வேர்ல்டு’ இணையத் தளத்தில் 4:3 வந்துவிட்டது. பாடம் கண்ணெதிரே கிடக்க, 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் திரும்பவும் வெட்டிய படத்தோடுதான் கடை திறந்தது! அசல் அளவு வந்தது 2020 மே கடைசியில். அதுவும் எங்கே? தொடரின் பக்கத்தில் ‘டீடெய்ல்ஸ்’ பகுதிக்குப் போய், ‘ரீமாஸ்டர்டு ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்ற பொத்தானைத் தேடி அணைக்க வேண்டும். எத்தனை பேர் அங்கே போவார்கள்?

அணைத்த பிறகும் படம் திரையை முட்டிக்கொண்டு நின்றால், டிவியின் பிக்சர் சைஸ் ‘ஜூம்’ அல்லது ‘வைட்’டில் இருக்கும். ஜூம் மறுபடி தலையை வெட்டும், வைட், தொடரின் குண்டு நாயகன் ஹோமரை இன்னும் குண்டாக்கும். முதலில் அதை மாற்றுங்கள்.

வரைந்தவர்கள் வைத்த சட்டகம் முதலில் வரட்டும். திரை நிரம்பியே ஆக வேண்டும் என்பவர்கள் மெனுவுக்குள் போய்த் தேடட்டும்.