ஒன்றுமே இல்லாமலா வளர்ந்தோம்?

மதர்வெல்லில் என்னோடு பள்ளியில் படித்தவர்களுக்கு இப்போது ஐம்பது வயது. ஐம்பதானால் எல்லோருக்கும் வருகிற வியாதி அவர்களுக்கும் வந்துவிட்டது. யாராவது பழைய எஃகு ஆலையின் படத்தைப் போடுவார்கள். "எங்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்" என்று ஒருவர் எழுதுவார். மற்றவர்கள் வரிசையாக வந்து ஆமாம் போடுவார்கள். சந்தோஷமாக இருந்தோம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஒன்றுமே இல்லை என்பதுதான் பொய்.

ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே இருக்கிறது மதர்வெல். நான் தொழிலாளி வீட்டுப் பிள்ளை இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா திருநெல்வேலியில் டாக்டருக்குப் படித்துவிட்டு எழுபதுகளில் அங்கே போனவர். சுரங்க ஊர், ஆலை ஊர் என்றால் உள்ளூர் டாக்டர்கள் அவ்வளவாக வர மாட்டார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவத் துறை அந்த இடங்களில் பலவற்றை இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து போனவர்களை வைத்துத்தான் நிரப்பியது. ஆக, வகுப்பில் என்னைச் சுற்றி இருந்தவர்களின் அப்பாக்கள் எல்லாம் ஆலையில், என் அப்பா அவர்களுடைய நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கிறவர்.

ஆலையின் பெயர் ரேவன்ஸ்கிரெய்க். ஊருக்குள் 'கிரெய்க்' என்றால் போதும். ராத்திரியில் கொதிக்கிற கசடைக் கொட்டும்போது வானம் செம்மஞ்சளாக மாறும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிற ஊரில் அந்த வெளிச்சம் பிள்ளைகளுக்கு வாணவேடிக்கைதான். கொடியில் காயப்போட்ட துணியில் செம்புழுதி படிந்தால் அம்மா அன்று முழுக்க அந்த ஆலையைத் திட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரம்மா திட்ட மாட்டார். அவர் வீட்டுச் சம்பளம் அங்கிருந்துதான் வந்தது.

எங்களுக்கு என்ன குறைச்சல்? ஐரன் ப்ரூ என்கிற ஸ்காட்லாந்து சோடாவின் கண்ணாடி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும். தெருத்தெருவாக பாட்டில் பொறுக்கி மிட்டாய் வாங்கினோம். கல்யாணம் என்றால் கார் கிளம்பும்போது சில்லறையை அள்ளி வீசுவார்கள், முட்டியைத் தேய்த்துக்கொண்டு பொறுக்குவோம். அக்டோபர் கடைசியில் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போகிற ஹாலோவீனுக்கு, குடைந்து விளக்கு செய்யப் பூசணிக்காய் எல்லாம் அப்போது கிடையாது, டர்னிப் கிழங்குதான். அதைக் குடைவதற்குள் கை விட்டுப்போகும். உள்ளே மெழுகுவத்தி ஏற்றியதும் கருகிய டர்னிப் நாற்றம் வருமே, அடடா. வேஷம் போட்டுப் போய் நின்றால் மட்டும் மிட்டாய் கிடைக்காது, ஒரு பாட்டு, இல்லையென்றால் ஒரு ஜோக் சொல்லியே ஆக வேண்டும். நான் ஒரு வருடம் திருக்குறள் சொன்னேன். கைதட்டினார்கள்.

ஆனால் எங்கள் வீட்டின் பெரிய நாள் டிசம்பர் 31. புது வருடம் பிறந்ததும் வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைக்கிறவர் கருப்பு முடிக்காரராக இருக்க வேண்டும், கையில் ஒரு நிலக்கரித் துண்டு கொண்டுவர வேண்டும், அப்போதுதான் அந்த வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்பது அவர்கள் நம்பிக்கை. செம்பட்டை முடிக்காரர்கள் நிறைந்த தெருவில் என் அப்பாவின் தலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நவம்பரிலேயே ஆள் சொல்லி வைத்துவிடுவார்கள். பன்னிரண்டு மணி அடித்ததும் கோட்டு, டை, பையில் நிலக்கரி என்று கிளம்புவார். வீட்டுக்கு ஒரு விஸ்கி நீட்டுவார்கள். குடிக்காத மனுஷன், எல்லா வீட்டிலும் உதட்டில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். வருடம் முழுக்க எங்களை வேறு பெயர் சொல்லிக் கத்திய பையன்களின் வீட்டிலும் அந்த ராத்திரி அவர்தான் ராஜா. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவையும் அனுபவித்த பிள்ளைகள் எங்கே தூங்கினார்கள்? நகராட்சி கட்டிக் கொடுத்த வாடகை வீட்டில். 1981-ல் ஸ்காட்லாந்தில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அப்படிப்பட்ட வீடுகளில்தான் இருந்தன. தனியார் வீட்டுக்காரர் நினைத்தபோது காலி பண்ணச் சொல்கிற பயம் அங்கே கிடையாது. உடம்புக்கு வந்தால் என் அப்பாவிடம் காசு கொடுக்காமல் போனார்கள். அப்பாக்களுக்குச் சங்கம் பேசி வாங்கிய கூலி இருந்தது. ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய பூங்காவும் ஏரியும் இருந்தன. பழைய சுரங்கக் கிராமம் ஒன்று இருந்த இடத்தில் தண்ணீரைத் தேக்கி உண்டாக்கிய ஏரி அது. 1986 காமன்வெல்த் விளையாட்டின் துடுப்புப் படகுப் போட்டி அங்கேதான் நடந்தது. இதற்கெல்லாம் பெயர் ஒன்றுமே இல்லையா?

"அந்தக் காலத்து மனுஷங்க கெட்டி" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான். மனிதர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். கெட்டியாக இருந்தது ஏற்பாடு. அந்தக் கெட்டி மனிதர்களில் எத்தனை பேர் இருமிக்கொண்டே வந்தார்கள் என்று அப்பாவைக் கேட்டால் தெரியும்.

இன்னொரு கூட்டம் தோல் வாரை நினைத்து உருகுகிறது. வாத்தியார் உள்ளங்கையில் வாரால் அடித்ததால்தான் ஒழுங்காக வளர்ந்தோமாம். அந்த வார்களைச் செய்வதற்கென்றே பெயர்போன ஊர் லாக்கெல்லி, அதுவும் ஒரு சுரங்க ஊர். ஸ்காட்லாந்தின் இரண்டு அம்மாக்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1982-ல் ஜெயித்தார்கள். 1987-ல் அரசுப் பள்ளிகளில் அடி சட்டப்படியே ஒழிந்தது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு நடந்த நல்ல காரியங்களில் அது ஒன்று. அதைப் போய் இழப்பு என்கிறார்கள்.

அப்புறம் மதம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, மற்றவர்களுக்கு ஒரு பள்ளி. செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டும் கிளாஸ்கோவின் கால்பந்து அணிகள், முதலாவது கத்தோலிக்கர்களுடையது, மற்றது புராட்டஸ்டன்ட்களுடையது என்று பெயர். நீ செல்டிக்கா ரேஞ்சர்ஸா என்று கேட்டால் கால்பந்தைப் பற்றிக் கேட்கவில்லை என்று ஏழு வயதிலேயே புரியும். நான் மதர்வெல் அணி என்று சொல்லித் தப்பித்துவிடுவேன்.

அந்த அணி 1991 மே மாதம் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. டண்டீ யுனைடெட்டைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று தோற்கடித்தது. அதற்கு முன்பு அந்தக் கோப்பை வந்தது 1952-ல். ஊரே தெருவில் ஆடியது. ஆனால் அந்த வசந்த காலத்தில்தான் ரேவன்ஸ்கிரெய்க்கின் தகடு உருட்டும் ஆலையை மூடியிருந்தார்கள். 1988-ல் தனியாரான பிரிட்டிஷ் ஸ்டீல், அந்த வேலையை சவுத் வேல்ஸ் ஆலைகளிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டது. 1992 ஜூன் 24-ல் மிச்சமும் மூடப்பட்டது. 1996-ல் குளிர்விப்புக் கோபுரங்களை வெடி வைத்துத் தகர்த்தபோது ஊர் திரண்டு வேடிக்கை பார்த்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு கல்லூரியும் விளையாட்டு அரங்கமும் வீடுகளும் வந்திருக்கின்றன. காலி மனையும் நிறையவே கிடக்கிறது.

என் நண்பன் ஒருவனின் அப்பா, 1980 சட்டப்படி, தான் குடியிருந்த நகராட்சி வீட்டைத் தள்ளுபடி விலைக்கு வாங்கினார். ஆலை வேலை போன பிறகு அந்த வீடுதான் குடும்பத்தைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் அப்படி விற்ற வீடுகளுக்குப் பதிலாக அதே அளவுக்குப் புதிதாகக் கட்டவில்லை. ஸ்காட்லாந்தில் 2016-ல் அந்த விற்பனையை நிறுத்தும்போது நகராட்சி வீடுகளில் பெரும் பங்கு கைமாறியிருந்தது. நண்பனின் மகள் சம்பளத்தில் பெரும் துண்டைத் தனியார் வாடகைக்குக் கொடுக்கிறாள். அவனோ, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கனம் தெரியவில்லை என்று போன வாரம்கூட எழுதியிருந்தான். உன் வீட்டைக் கட்டியது யார் என்று கேட்டேன். இன்னும் பதில் போடவில்லை.