கொக்கிளாய்க் கறுப்பு மணலும் அணுவிசை நுண்ணோக்கி ஊசியும்

தம்பி, முல்லைத்தீவுக் கரையில் உள்ள கொக்கிளாய், நாயாறு பக்கத்துக் கறுப்பு மணலை வெளிநாட்டுக்காரர் அள்ளிப் போய் அணுவிசை நுண்ணோக்கியின் (கூர் ஊசியால் மேற்பரப்பைத் தடவி மிக நுண்ணிய படம் எடுக்கும் கருவி) ஊசி செய்கிறார்கள், உலகச் சந்தையே எங்கள் மண்ணில்தான் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மண்ணைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. இந்தத் தகவல் பிழை.

அந்தக் கறுப்பு மணலில் பெரும்பகுதி இல்மனைட். இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த கனிமம் அது. பெரும்பாலும் வெள்ளைப் பெயின்ட் நிறமி செய்யத்தான் போகிறது. ஊசி செய்வது சிலிக்கனில் அல்லது சிலிக்கன் நைட்ரைட்டில். சிலிக்கன் குவார்ட்ஸ் என்ற வேறொரு கனிமத்திலிருந்து வருவது.

அப்புறம், விலை மூலப்பொருளில் இல்லை. ஊசியைத் தாங்கும் சில்லு ஏறத்தாழ ஓர் அரிசி அளவுதான். அதன் விளிம்பில் 125 மைக்ரோமீற்றர் நீளத்தில் ஒரு நெம்புகோல், அதன் நுனியில் 10 நனோமீற்றருக்கும் குறைந்த ஆரையுள்ள கூர். ஒரு சிலிக்கன் தட்டில் இப்படி நூற்றுக்கணக்கில் ஒளியால் அச்சிட்டு, இரசாயனத்தால் அரித்து எடுப்பார்கள். காசு அந்தக் கைப்பக்குவத்துக்குத்தான். அமெரிக்காவில் புரூக்கர், சுவிற்சர்லாந்தில் நனோவேர்ல்ட் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன.

1986இல் பின்னிக், குவேற், கேர்பர் என்ற ஆய்வாளர்கள் செய்த முதல் கருவியில் ஊசி நுனியாக வைரத் துணுக்கு இருந்தது உண்மை. ஆனால் இன்றைய சாதாரண சிலிக்கன் ஊசி தேய்ந்துவிடும், கூர் மழுங்கினால் படமும் மங்கும். அதனால்தான் ஆய்வுகூடங்கள் திரும்பத் திரும்ப வாங்குகின்றன.

மணல் அகழ்வால் கரை அரிக்கப்படுவதை எழுதுங்கள், நானும் கூட நிற்பேன். ஊசிக் கதையை மட்டும் எடுத்துவிடுங்கள்.