கம்மலைப் பார்த்தீங்க, பிள்ளையைப் பார்த்தீங்களா?

ஞாயிற்றுக்கிழமை நம்ம சபையில நடந்தது பெங்களூர் லிங்கராஜபுரத்துல பாதிப் பேருக்குத் தெரியும். மூணு நாளா வாயை அடக்கிட்டு இருந்தேன். முடியல. நகை கூடாதுன்னு அந்தப் பிள்ளையை நிறுத்தினவங்களுக்குத்தான் இதை எழுதுறேன்.

திருவிருந்துத் தட்டு, அதான் அப்பமும் ரசமும் கொடுக்குற தட்டு, அந்தப் பிள்ளைகிட்ட வந்ததும், "கம்மலைக் கழட்டிட்டு எடும்மா"ன்னு சொன்னீங்களே, அவ்வளவு பேர் முன்னாடி. ஊரை விட்டு வேலைக்கு வந்து ஹாஸ்டல்ல கிடக்குற பிள்ளை. அரை கிராம் தேறுமா அந்தக் கம்மல்?

"பைபிள்ல 1 பேதுரு 3-ல இருக்கே"ங்கிறீங்க. இருக்கு. முழுசா வாசிங்க. "மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்தி"ன்னு மூணு சொல்லியிருக்கு. ஜடை பின்னின யாரையாவது நிறுத்தினீங்களா? பட்டுச்சேலையை? கிரேக்க மூலத்துல "உயர்ந்த"ங்கிற வார்த்தையே கிடையாது, வஸ்திரம் உடுத்துறதுன்னுதான் இருக்கு. மொத்தமாத் தடைன்னு எடுத்தா துணியே உடுத்தக் கூடாது! பேதுரு சொல்ல வந்தது அடுத்த வசனத்துல இருக்கு: "இருதயத்தில் மறைந்திருக்கிற குணமே" அலங்காரம்னு. மறைஞ்சிருக்கிறதைத் தட்டோட நிக்கிறவர் எப்படிப் பார்த்தார்? வெறுங்காதைப் பார்த்துப் பரிசுத்தத்தை எடை போடுறதும் வெளித்தோற்றத்தைப் பார்க்குறதுதான். தாவீதோட அண்ணன் எலியாபோட உயரத்தைப் பார்த்து, ராஜா இவன்தான்னு சாமுவேல் தீர்க்கதரிசியே ஏமாந்தார். "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்"னு அவருக்கே சொல்ல வேண்டி வந்துச்சு.

"உங்க அம்மாவே கழட்டினவங்கதானே"ன்னு கேப்பீங்க. ஆமா. 1994-ல ஞானஸ்நானத்துக்கு முந்தின ராத்திரி, அடுப்படியில உக்காந்து தோட்டைக் கழட்டினாங்க. யாரும் சொல்லல. அதை வித்து, பக்கத்து வீட்டு அக்காவோட பிரசவச் செலவுக்குக் கொடுத்தாங்க. மூளிக் காதோட கல்யாண வீட்டுக்குப் போய்ச் சொந்தக்காரங்க கிட்ட என்னென்ன பேச்சு வாங்கினாங்கன்னு கூட இருந்த எனக்குத் தெரியும். ஆனா கம்மல் போட்ட ஒருத்தியையும் சாகுற வரைக்கும் ஒரு வார்த்தை குறைச்சுப் பேசினதில்ல. அவங்களை இதுக்குச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க.

"சபைக்குன்னு ஒரு ஒழுங்கு வேண்டாமா?" வேணும். தனியா, அன்பா, வீட்டுக்கு வந்து பேசியிருக்கலாம். ஈசாக்குக்குப் பொண்ணு பார்க்கப் போன ஊழியக்காரன் ரெபெக்காளுக்கு அரைச்சேக்கல் எடையில பொற்காதணியைக் கொடுத்தானே, அவனையும் வெளியே நிறுத்துவீங்களா? "சபை விஷயத்தை முகநூல்ல எழுதலாமா"ன்னு கேக்குறவங்களுக்குப் பதில் இல்ல. அந்தப் பிள்ளையை அத்தனை பேர் பார்க்கத்தானே நிறுத்தினீங்க.

கை நடுங்க அங்கேயே கழட்டினா. திருகாணி ஒண்ணு நழுவி நாற்காலிக்கு அடியில ஓடிடுச்சு. பிள்ளை குனிஞ்சு தேடுறா, தட்டு அடுத்த வரிசைக்குப் போயிடுச்சு. கூடக் குனிய ஒரு ஆள் இல்ல. நானும் குனியல. அதுதான் மூணு நாளா என்னைத் தின்னுது. ஆராதனை முடிஞ்சு பெருக்கும்போதுதான் பாய்க்கு அடியில கிடைச்சுது.

பாப்பா, திருகாணி என் பர்ஸ்ல இருக்கு. இதைப் படிச்சா ஒரு போன் பண்ணு. ஹாஸ்டலுக்கே கொண்டு வந்து தர்றேன்.