எமுலேட்டர் வேறு, திருட்டு வேறு

எமுலேட்டரில் பழைய கேம் ஓட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதே திருட்டு என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே போடாகப் போடுகிறது. எமுலேட்டர் என்பது பழைய வீடியோ கேம் மெஷினைப் போல வேலை செய்யும் ஒரு புரோகிராம், அவ்வளவுதான். அமெரிக்காவில் சோனி போட்ட வழக்கிலேயே 2000ல் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் கம்பெனி பக்கம் தீர்ப்பு வந்தது. சிக்கல் நெட்டில் இறக்கும் கேம் காப்பியில்தான். அதிலும் எல்லாம் ஒன்றல்ல. மரியோ இன்றும் முறையாக விற்பனையில் இருக்கிறது. அதைக் காசு கொடுத்தே வாங்கலாம், வாங்க வேண்டும். ஆனால் அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று பழைய கேம்களைப் பாதுகாக்கும் அமைப்பான வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023ல் சொன்னது. விற்கவே விற்காத பொருளுக்கு யாரிடம் போய்க் காசு கொடுப்பது?

தொண்ணூறுகளில் நாகர்கோவில் கடைகளில் நாங்கள் வாங்கிய மஞ்சள் கேம் கேசட்டுகள் பெரும்பாலும் போலிதான். அன்று ஒரிஜினல் எங்கள் பக்கம் வந்ததே இல்லை.

தக்கலையில் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் இந்தப் பழைய கேம்களை விளையாடுவதைப் பார்க்கிறேன். குழியில் விழுந்தால் ரிமோட் தம்பி கைக்குப் போகும். அவன் ஆடும்போது மூத்தவள் "இப்ப சாடு, இப்ப சாடு" என்று கத்துவாள். நடுவில் விளம்பரம் வராது, வைரம் வாங்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். போன் கேம்களில் இது எங்கே இருக்கிறது? அப்புறம், எது வாங்கியது, எது இறக்கியது என்று பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர்களுக்குப் புரியும்.