டிராகன் குட்டிக்குக் கழுத்துப்பட்டை வேண்டாம்

கற்பனை உலக டிராகன் குட்டிக்குக் கழுத்துப்பட்டையில் ஜிபிஎஸ் மாட்டலாம் என்கிறது ஒரு கட்டுரை. குட்டி வளர வளரப் பட்டை கழுத்தை அறுக்கும். தீ கக்கும் பிராணி வேறு. அந்தச் சூட்டில் கருவியின் லித்தியம் பேட்டரி அதற்கு முன்பே உப்பிவிடும்! கழுகுகளுக்குச் செய்வதுபோல முதுகில், சிறகுகளுக்கு நடுவே, டெஃப்லான் நாடாவால் கட்டலாம், அதுவும் முதல் பறத்தலுக்குச் சற்று முன்பு, வளர்ச்சி ஏறக்குறைய முடிந்த பிறகு. நாடாக்கள் சேருமிடத்தைப் பருத்தி நூலால் தைத்தால், நூல் இற்றதும் கருவி தானே கழன்று விழும். மொத்த எடை, நாடாவும் சேர்த்து, உடல் எடையில் 3 சதவீதத்துக்குள் இருக்கட்டும்: 20 கிலோ குட்டிக்கு 600 கிராம். அடையாள வளையத்துக்கு, ஆய்வாளர்கள் வௌவால்களுக்குப் போடும் முறைதான் சரி. சிறகைத் தாங்கும் முன்கையில், ஓரம் வெளிப்புறம் மடிந்த வளையம், முழுக்க மூடாமல், நகரும்படி. இறுக்கினால் சிறகுச் சவ்வு கிழிந்து சீழ் வைக்கும்.