வெட்டலைத் திட்டிய அலோன்சோ ரசிகனின் வாக்குமூலம்

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் நான் ஸ்பெயின்காரர் அலோன்சோவின் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2010-இன் கடைசி ரேஸான அபுதாபியில் அவர் பெட்ரோவ் என்கிற ஓட்டுநரின் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தவிக்க, முன்னால் போய்க்கொண்டிருந்த 23 வயது ஜெர்மன் பையன் செபாஸ்டியன் வெட்டல் 4 புள்ளி வித்தியாசத்தில் உலகப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனான். 2012 பிரேசிலில் முதல் சுற்றிலேயே இடிபட்டு அவன் கார் எதிர்த்திசையில் திரும்பி நின்றது. அப்பாடா, கதை முடிந்தது என்று நினைத்தேன். அங்கிருந்து கிளம்பி வந்து ஆறாவதாக முடித்தான், இந்த முறை 3 புள்ளியில் அலோன்சோவுக்குப் பட்டம் போனது. அன்றைக்கு வெட்டலை நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அடுத்த வருடம் மலேசியாவில் சக ஓட்டுநர் வெப்பர் முன்னால், நீ பின்னால், அப்படியே முடியுங்கள் என்று அவருடைய ரெட்புல் அணி சொன்ன பிறகும் வெப்பரைத் தாண்டி ஜெயித்தார். மன்னிப்பும் கேட்டார். சீனாவுக்கு வந்ததும் மறுபடி அதையே செய்வேன் என்கிற தொனியில் பேசினார். அந்த சீசனின் கடைசி 9 ரேஸும் வரிசையாக அவருக்கே. மோன்சாவிலும் சிங்கப்பூரிலும் மேடையில் நின்றவரைப் பார்த்துக் கூட்டம் ஊளையிட்டது, வீட்டில் உட்கார்ந்து நானும் சேர்ந்துகொண்டேன். நம் நொய்டாவில் நடந்ததே மூன்று ரேஸ், மூன்றையும் ஜெயித்தவர் இவர்தான். 2013-இல் அங்கே நான்காவது பட்டம் உறுதியானதும் ஸ்டாண்டுக்கு எதிரே காரைச் சுழற்றிப் புகை கிளப்பி, இறங்கி அதன் முன் மண்டியிட்டுக் கும்பிட்டார். அணிக்கு 25,000 யூரோ அபராதம்! எதிரியாகவே இருந்தாலும் அதற்கெல்லாமா அபராதம் போடுவது?

ரெட்புல்லின் கார் வடிவமைப்பாளர் நியூவி செய்த கார் ஜெயித்தது, இவர் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று அப்போது எல்லோரும் சொன்னோம். 2008-இல் மோன்சா மழையில் டோரோ ரோஸோ என்கிற சின்ன அணியின் காரை வைத்துக்கொண்டு 21 வயதில் ஜெயித்ததை வசதியாக மறந்துவிட்டோம்.

மனசு மாறியது 2018 ஹாக்கன்ஹைமில். பிறந்த ஊர் ஹெப்பன்ஹைமுக்குப் பக்கத்துச் சர்க்யூட், மாறிப் போயிருந்த ஃபெராரி அணியின் சிவப்பில் முதலிடம், லேசான தூறல், ஒரு சின்ன வழுக்கல், நேராகத் தடுப்பில் போய் மோதி நின்றார். ஸ்டீயரிங்கில் ஓங்கி ஓங்கி அடித்ததைப் பார்த்தபோது முதல் தடவையாகப் பாவமாக இருந்தது. ஃபெராரியில் ஆறு வருடம், 14 வெற்றி, பட்டம் மட்டும் இல்லை. இன்னொரு ஜெர்மன்காரர் ஷூமாக்கர் பட்டங்களைக் குவித்ததைப் போல அதே அணியில் செய்யப் போய் முடியாமல் திரும்பினார்.

தோற்றதால்தான் ஜனங்களுக்குப் பிடித்தது என்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி அவர் சம்பாதித்தது. 2021 சில்வர்ஸ்டோனில் ரேஸ் முடிந்ததும் ஸ்டாண்டில் ரசிகர்கள் போட்டுவிட்டுப் போன குப்பையைப் பொறுக்கினார். ஹங்கேரியில் தன்பாலினத்தவருக்கு ஆதரவான வானவில் சட்டையோடு தேசிய கீதத்துக்கு நின்று கண்டிக்கப்பட்டார். பருவநிலை பற்றிப் பேசிக்கொண்டு பெட்ரோலை எரிக்கிறீர்களே, இது வேஷம் இல்லையா என்று பிபிசியில் கேட்டபோது மழுப்பாமல் ஆமாம் என்றார். விளம்பர ஆட்கள் எழுதிக் கொடுத்த பதிலாக இருந்தால் அப்படி வராது.

ஓய்வு பெற்று அடுத்த வருடம், 2023-இல், ஜப்பானின் சுசூகா சர்க்யூட்டில் இரண்டாம் வளைவில் தேனீக்களுக்குக் கூடு வைக்கப் போகிறேன், வாருங்கள் என்று கூப்பிட்டார். 20 ஓட்டுநர்களும் வந்து நின்றார்கள். அதில் அலோன்சோவும் இருந்தார். நான் என்ன செய்ய?